ஆதெம்மாவும் 312-ம் பிரிவும்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசனை. எங்க பள்ளிப்பட்டுல கருக்கலைப்பைப் பத்தி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டாங்க. பேசாம விட்டதாலயே எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தாங்கன்னு பெரியம்மா சொன்னதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியலை.

"அப்பல்லாம் ஏது ஆஸ்பத்திரி? எருக்கங்குச்சிதான். பொழைச்சவ பொழைச்சா. போனவளை வயித்துவலி வந்து செத்துட்டான்னு சொல்லி முடிச்சிடுவாங்க."

ஏன் அப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்யணும்? ஊர் வாய்க்குப் பயம், சரி. இன்னொரு பயமும் இருந்தது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதின இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் தவிர, கருவைக் கலைப்பது குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு வருஷம் வரை. தனக்குத்தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம் என்று தனியாக ஒரு விளக்கமே போட்டிருந்தார்கள்.

அது சும்மா ஏட்டில் இருந்த சட்டம் இல்லை. 1886-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆதெம்மா என்ற பெண், தன் கருவைத் தானே கலைத்ததாகக் குற்றச்சாட்டு. அப்போது அவளுக்கு ஒரு மாதக் கர்ப்பம்தான். 'ஒரு மாதத்தில் சிசு என்று சொல்ல என்ன இருக்கிறது?' என்று கீழ்க்கோர்ட் விடுதலை செய்துவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருத்தரித்த நேரத்திலிருந்தே சட்டம் பொருந்தும், விடுதலை செய்தது தவறு என்றது. எங்க ஊரும் அன்னைக்கு அதே மெட்ராஸ் மாகாணம்தான்.

மொழிவாரி மாநிலம் வந்தப்போ நாங்க ஆந்திராவில் மாட்டிக்கிட்டோம். ம.பொ.சி. போராட்டமெல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியோடு இந்தப் பக்கம் வந்தோம். எல்லைக்கல் இடம் மாறிச்சே தவிர, நகரியில் இருந்தவளுக்கும் பள்ளிப்பட்டில் இருந்தவளுக்கும் அதே 312தான்.

கள்ளத்தனமான கருக்கலைப்புகளில் பெண்கள் சாவதைப் பார்த்து அரசாங்கம் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டது. 1966-ல் அறிக்கை வந்தது. 1971-ல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 1972 ஏப்ரலில் அமல். நல்ல சட்டம்தான், எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா அதைக் கவனிச்சுப் படிங்க மக்களே. குறிப்பிட்ட நிபந்தனைகளில் செய்தால் *மருத்துவர்* குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் சொல்லுது. பெண்ணுக்கு உரிமை என்று சொல்லலை. 2021 திருத்தம் சில பிரிவினருக்கு 24 வாரம் வரை அனுமதித்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் அது உண்டுன்னு சொல்லிச்சு. அதெல்லாம் சரி, பழைய 312? 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ம் பிரிவாக உட்கார்ந்திருக்கு, அந்த விளக்கத்தோடயே!

ஆனா பெண்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கலை. 1980களின் பிற்பகுதியில் பிரேசிலில் வயிற்றுப்புண்ணுக்கான மிசோப்ரோஸ்டால் மாத்திரை கடைகளில் கிடைத்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்ற எச்சரிக்கையைப் பார்த்து, அதன் இன்னொரு உபயோகத்தைப் பெண்களே கண்டுபிடிச்சாங்க. இந்தியாவில் 2002-ல் மிஃபெப்ரிஸ்டோனுக்கு அனுமதி கிடைச்சதும், இரண்டும் சேர்ந்து எருக்கங்குச்சியின் இடத்தைப் பிடிச்சது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தகவல் திரட்டிச் செய்த ஒரு ஆய்வின்படி, 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி. அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால். டாக்டர் சீட்டு இல்லாம விற்கக்கூடாத மாத்திரை இது!

மாத்திரை மாறியும் ஒண்ணு மட்டும் மாறலை. அவ தனியாத்தான் இருக்கா. எத்தனை வாரம், எவ்வளவு ரத்தம் போனா ஆபத்து, எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆள் இருந்தா என்ன ஆகும்? அர்ஜென்டினாவில் காட்டினாங்க. 2020 கடைசி வரை அங்கே சட்டம் ரொம்பக் கடுமை. 'சோகோரிஸ்தாஸ்' என்ற பெண்கள் குழுக்கள் போனிலும் நேரிலும் கூடவே இருந்து, ஆபத்து அறிகுறிகளைச் சொல்லி, தேவைப்பட்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உதவினாங்க. அங்கேயும் நைஜீரியாவிலும் இப்படித் துணையோடு செய்தவர்களை ஆய்வு செய்ததில், நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் அறுவை இல்லாமலே முடிந்தது. முதல் 12 வாரத்துக்குள், சரியான தகவலும் தேவைப்பட்டா மருத்துவ உதவியும் கிடைச்சா, பெண்ணே இதைச் செய்துகொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் சொல்லிடுச்சு.

"அப்ப யாராவது பக்கத்துல இருந்தாங்களா பெரியம்மா?"ன்னு கேட்டேன்.

"யாரு இருப்பா? தெரிஞ்சா அவளுக்கும் சேர்த்துக் கெட்ட பேரு."

ஆதெம்மா பேராவது தீர்ப்பில் இருக்கு. பெரியம்மா சொன்ன பெண்களுக்கு அதுவும் இல்லை, வெறும் வயித்துவலிதான். உங்க வீட்டுப் பாட்டிகளிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பேர் வேண்டாம், என்ன நடந்ததுன்னு மட்டும் எழுதுங்க.