ஒட்டியதைப் பிரித்தல்

திரைப்படமோ தொலைக்காட்சித் தொகுப்போ வெளியான பிறகு, அதன் மூலப் படச்சுருள்கள் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. எஞ்சுவது முழுமையடைந்த பிரதி மட்டுமே. அதிலிருந்து ஓர் ஆவணப்படம் உருவாக்க வேண்டுமெனில், ஒட்டிய இடங்களைக் கண்டறிந்து மீண்டும் தனித்தனி ஷாட்டுகளாகப் பிரித்தாக வேண்டும். விநாடிக்கு 24 பிரேம் வீதம் இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 பிரேம்கள். உதவியாளர்கள் கண் பூக்கப் பார்த்துக் குறித்த வெட்டுகளை இன்று கணினி தானே குறித்துவிடுகிறது. 'பைசீன்டிடெக்ட்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதன் அடிப்படை எளிது. அடுத்தடுத்த பிரேம்களின் நிறத்தையும் ஒளியையும் மென்பொருள் எண்களாக்கி ஒப்பிடுகிறது. வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டினால் அங்கே வெட்டு எனக் கொள்கிறது. அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். தாழ்த்தினால் மின்னலும், கேமரா ஃபிளாஷும், குறுக்கே விரையும் லாரியும் வெட்டாகிவிடும். உயர்த்தினால், ஒரே நிற அறைக்குள் உரையாடும் இருவரை மாறிமாறிக் காட்டும் உண்மையான வெட்டுகள் தப்பிவிடும். புள்ளியியல் கற்பித்தவனுக்கு இது பழகிய சங்கடம்: முதல்வகைப் பிழையைக் குறைத்தால் இரண்டாம்வகைப் பிழை கூடும்.

ஒரு காட்சி மங்க, மற்றொன்று அதன்மேல் எழும் 'டிஸ்ஸால்வ்' இன்னும் கடினம். அங்கே பிரேமுக்குப் பிரேம் மாற்றம் மிகச் சிறிது. பல பிரேம்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் புலப்படும். அமெரிக்காவின் 'நிஸ்ட்' நிறுவனம் நடத்திய 'டிரெக்விட்' ஒப்பீட்டுச் சோதனைகளில் 2001 முதல் 2007 வரை ஷாட் எல்லையைக் கண்டறிதல் தனிப் பிரிவாகவே இருந்தது. நேரடி வெட்டுகளில் கருவிகள் விரைவில் தேறின. படிப்படியான மாற்றங்களே அவற்றைத் தடுமாற வைத்தன. ஹிட்ச்காக் தமது 'ரோப்' (1948) படத்தில் நடிகரின் முதுகு திரையை மறைக்கும் கணத்தில் சில வெட்டுகளை ஒளித்தார். மனிதக் கண்ணுக்கே அது கண்ணாமூச்சிதான்.

கண்டறிந்தாலும் எல்லாம் மீளாது. டிஸ்ஸால்வில் கலந்த இரு பிம்பங்கள் பழையபடி பிரிவதில்லை. ஷாட்டை வெட்டினால் பின்னணி இசையும் பாதியில் அறுபடும்.

பிரிக்கும் செலவு இவ்வாறு சரிந்தாலும், பயன்படுத்தும் உரிமையின் விலை சரியவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்துக்கு வெளியான ஆண்டின் மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1964-இல் வெளியான படத்துக்கு அது 2024 இறுதியில் முடிந்தது. ஆனால், அதன் பாடலை எழுதிய கவிஞர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகவில்லையெனில், பாடல் வரிகளுக்குத் தனியே அனுமதி பெற்றாக வேண்டும்.