இணைப்பாட்டு கூட்டுக்குச் சான்றாகுமா? சிங்கப்பூரின் வைக்கோல்தலைச் சின்னானை முன்வைத்து

இணைப்பறவைகள் சேர்ந்து பாடுவது துணைப்பிணைப்பின் வெளிப்பாடு. அப்பாட்டு ஒலிக்கும் இடத்தில் இனப்பெருக்கமும் நடக்கிறது. இவ்வாறு கொள்ளும் ஆய்வுமரபின் முதற்கூற்றோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. இரண்டாவதுதான் சிக்கல். மலாயில் பாராவ்-பாராவ் எனப்படும் வைக்கோல்தலைச் சின்னானின் கணக்கெடுப்பைத் தவறாகப் படிக்க அது இடம் தருகிறது.

2001 முதல் 2016 வரையிலான தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான மதிப்பீடு, சிங்கப்பூரில் குறைந்தது 202 பறவைகளும் அவற்றில் 110 உபின் தீவிலும் இருப்பதாகக் காட்டியது. கூண்டுப்பறவை வணிகத்தால் தாய்லாந்திலும் ஜாவாவிலும் அற்றுப்போன இனம் இது. ஆகவே இவ்வெண்களுக்கு உலக அளவில் எடையுண்டு. எண்களை நான் ஐயுறவில்லை. 110ஐ இரண்டால் வகுத்து, 55 குடும்பங்கள் குஞ்சு பொரிக்கின்றன என்று கொள்வதையே மறுக்கிறேன். புதர்க்காட்டில் திரியும் இப்பறவையைப் பெரும்பாலும் காதுதான் முதலில் கண்டுகொள்கிறது. ஒன்று குமிழியிடும் குரலில் எடுக்க, அது முடியுமுன் மற்றொன்று புகுந்து பின்னிக்கொள்கிறது. தொலைவில் நிற்பவருக்கு ஒரே தொண்டையென்றே தோன்றும். அந்தப் பின்னல் உறுதியாகச் சொல்வது, இரு பறவைகள் ஓர் இடத்தைத் தமதாக்கி வைத்திருக்கின்றன என்பதை மட்டுமே. முட்டையிட்டனவா, குஞ்சு பறந்ததா என்பதற்குப் பாட்டில் விடையில்லை.

ஒப்பீட்டுச் சான்றுகளும் இப்பக்கமே சாய்கின்றன. ஆஸ்திரேலிய மேக்பை-லார்க் பறவைகளிடம் நடந்து 2007இல் வெளியான சோதனையில், தாளம் பிசகாத இணைப்பாட்டின் ஒலிப்பதிவுக்கே எல்லைக்குரிய ஆண்கள் கடுமையாக எதிர்வினை காட்டின. நெடுநாள் சேர்ந்த இணைகளே அப்படிப் பிசகாமல் பாடின. பாட்டின் முதல் செவியாளர் அயலார் என்பது என் துணிபு. ஆண் தன் துணையைப் பிறரிடமிருந்து காக்கவே உடன்பாடுகிறது என்ற விளக்கம் என்னை அசைக்கவில்லை: சேர்ந்து பாடும் தென்னாப்பிரிக்கச் செம்மார்புக் கீச்சானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குஞ்சு வேற்று ஆணுடையது.

அப்படியானால் இனப்பெருக்கத்தில் இணைப்பாட்டுக்குப் பங்கில்லையா? உண்டு, ஆனால் மறைமுகமாக. எல்லை நிலைத்தால் இரையும் கூடுகட்டும் புதரும் கைவிட்டுப் போவதில்லை. பருவம் வாய்க்கும்போது இணை ஆயத்தமாக இருக்கும். வலசை போகாத, ஆண்டு முழுதும் எல்லை காக்கும் இனங்களில் இப்பழக்கம் மிகுதி என்பதும் இதற்கு இசைவானதே. லிட்டில் இந்தியாவின் சாலையோர மரங்களில் அந்தியில் அடையும் மைனாக்களின் ஆரவாரத்தையும் இதனோடு சேர்த்தெண்ணுவது பொருந்தாது. அது இராத்தங்கலுக்குக் கூடிய கூட்டத்தின் இரைச்சல், எல்லைக் கூவலன்று.

சிங்கப்பூர் ஒன்றை வைத்து இனம் முழுமைக்கும் விதி வகுக்க நான் முனையவில்லை. ஆயினும் கணக்கெடுப்புப் படிவத்தில் இணைப்பாட்டுக்கு ஒரு பத்தி, இரை சுமந்து செல்லும் பெற்றோருக்கு ஒரு பத்தி, பறக்கத் தொடங்கிய குஞ்சுக்கு ஒரு பத்தி எனப் பிரித்தே ஆகவேண்டும். முதற்பத்தி நிறைந்து கடைசிப்பத்தி வெறுமையாகக் கிடக்கும் வட்டாரத்தில் முதிய இணைகள் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். எண்ணிக்கை சரியுமுன்பே அதை நமக்குக் காட்டக்கூடியது அந்த இடைவெளிதான்.