பேசாத குழந்தைக்குக் கேட்கிறதா?

1943-ல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தபோது, அவர் பார்த்த 11 குழந்தைகளில் 3 பேர் பேசவே இல்லை. காரணம்? பாசமற்ற பெற்றோர் என்று 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமே எழுதினார். பழி அம்மாக்கள் தலையில்! 1977-ல் வந்த இரட்டையர் ஆய்வு, மரபணுவைக் காட்டி அந்த வாதத்தை ஆட்டங்காண வைத்தது.

அப்படியானால் மூளையில் என்ன நடக்கிறது? எம்.ஆர்.ஐ. இரைச்சலில் இக்குழந்தைகள் அசையாமல் படுப்பது கஷ்டம். அதனால் பெரும்பாலான ஆய்வுகளில் பேசும் குழந்தைகளே இடம்பெற்றார்கள்.

மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.இ.ஜி. கருவி சத்தம் போடாது. அதைக்கொண்டு ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் டிமோதி ராபர்ட்ஸ் குழு, பேசாத அல்லது மிகக் குறைவாகப் பேசும் குழந்தைகளுக்கு ஒலிகளைக் கேட்கவைத்தது. 2019-ல் முடிவு வந்தது: பேசும் ஆட்டிசக் குழந்தைகளைவிட இவர்கள் மூளை மில்லிநொடிக் கணக்கில் தாமதமாகப் பதில் தருகிறது.

பேச்சு வராததற்கு இது ஒன்றே காரணமா என்பது வேறு கேள்வி. ஆனால் தாமதமானாலும் பதில் வருகிறது. வாய் பேசவில்லை என்பதால் காதில் விழவில்லை என்று அர்த்தமில்லை.