போர்-ஏ புரதத்தின் இழப்பு: இரு நைசீரியா இனங்களின் புறச்சவ்வு ஒப்பீடு

மெனிங்கோகாக்கஸ், கோனோகாக்கஸ் ஆகிய இரண்டும் நைசீரியா பேரினத்தில் மிக நெருங்கிய உறவுடைய இனங்கள். முன்னது தொண்டையில் தங்கிச் சிலரிடம் மூளையுறை அழற்சியை உண்டாக்கும். பின்னது வெட்டை நோய்க்குக் காரணம். 1981இல் ட்சாய், ஃபிராஷ், மோக்கா ஆகியோர் மெனிங்கோகாக்கஸின் முதன்மைப் புறச்சவ்வுப் புரதங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தனர். முதல் வகுப்புக்குப் பின்னர் போர்-ஏ என்று பெயர் வந்தது. இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் போர்-பி மரபணுவின் மாற்று வடிவங்கள். போர்-ஏ, போர்-பி இரண்டுமே மும்மூன்றாகச் சேர்ந்து சவ்வில் நுண்துளை அமைக்கும் போரின்கள். ஒவ்வொன்றிலும் 16 பீட்டா இழைகள் பீப்பாயாகச் சுருள, எட்டு வளையங்கள் வெளிப்புறம் நீண்டிருக்கும். போர்-ஏ நேர்மின் அயனிகளையும் போர்-பி எதிர்மின் அயனிகளையும் கூடுதலாகக் கடத்தும்.

கோனோகாக்கஸில் போர்-பி மட்டுமே உருவாகிறது. 1998இல் ஃபீவர்ஸும் மெய்டனும் அதன் மரபணுத் தொகுதியில் போர்-ஏ மரபணுவும் இருப்பதைக் காட்டினர். ஆனால் புரொமோட்டர் பகுதியும் குறியீட்டுப் பகுதியும் பிறழ்வுகளால் சிதைந்திருந்ததால் அது புரதம் தராத போலி மரபணுவாக நின்றது. இக்கண்டுபிடிப்பின் மதிப்பு குறையாதது. அதன்மேல் எழுப்பப்பட்ட விளக்கமே ஐயத்துக்குரியது: போர்-ஏ தொண்டை வாழ்வுக்கு உரியது, மூதாதை இனம் பிறப்புறுப்புப் பாதைக்கு இடம்பெயர்ந்ததும் அது தேவையற்றுக் கைவிடப்பட்டது என்பதே அவ்விளக்கம்.

இதற்கு எதிரான சான்றுகள் பல திசைகளிலிருந்து வருகின்றன. தொண்டையில் தீங்கின்றி வாழும் நைசீரியா லாக்டாமிக்காவிடம் போர்-ஏ இல்லை. கோனோகாக்கஸும் அப்புரதமின்றியே தொண்டையைத் தொற்றுகிறது. மெனிங்கோகாக்கஸிலேயே புரொமோட்டரிலுள்ள குவானின் தொடரின் நீளம் மாறும்போது போர்-ஏ உற்பத்தி ஏறி இறங்குகிறது. அம்மரபணுவை முழுவதும் இழந்த மெனிங்கோகாக்கஸ் வகைகளை வான் டெர் எண்டே குழுவினர் 1999இல் விவரித்தனர். மறுபுறம், 2015 முதல் அமெரிக்காவில், குறிப்பாக ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில், சிறுநீர்ப்புறவழி அழற்சியை உண்டாக்கிய மெனிங்கோகாக்கஸ் கிளை தன் வெளியுறையை இழந்தது. கோனோகாக்கஸிடமிருந்து நைட்ரைட் வளர்சிதைமாற்ற மரபணுக்களையும் பெற்றது. போர்-ஏ மரபணுவை மட்டும் அது விடவில்லை. ஆகவே வாழிடத்தை வைத்து இப்புரதத்தின் இருப்பையும் இன்மையையும் விளக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் 2011இல் பதிவான ஒரு மாதிரி இங்குத் தனிக் கவனம் பெற வேண்டும். போலி மரபணு கோனோகாக்கஸுக்கே உரிய அடையாளம் என்ற நம்பிக்கையில் பல ஆய்வகங்கள் அதைப் பிசிஆர் சோதனையின் இலக்காக வைத்திருந்தன. வைலி குழுவினர் விவரித்த அம்மாதிரி ஐயமற்ற கோனோகாக்கஸ். ஆயினும் போலி மரபணுச் சோதனை எதிர்மறை முடிவே காட்டியது. காரணம், அவ்விடத்தில் மெனிங்கோகாக்கஸின் போர்-ஏ வரிசை இருந்தது. மறுசேர்க்கை வழியாக அயல் மரபணுத்துண்டு நுழைந்திருக்க வேண்டும். பின்னர் ஐரோப்பாவிலும் இத்தகைய மாதிரிகள் கிடைத்தன. அவ்வரிசை இம்மாதிரிகளில் புரதமாக வெளிப்பட்டது என்று இதைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. எனினும் போர்-ஏ வரிசையை ஏற்ற பின்னும் அந்நுண்ணுயிர் மனிதரைத் தொற்றும் திறனை இழக்கவில்லை. வாழிடம் அம்மரபணுவைக் கண்டிப்பாக விலக்குகிறது என்ற கருத்தோடு இது பொருந்தாது.

மாற்று விளக்கமாகத் தற்செயலைக் கொள்ளலாம். கோனோகாக்கஸின் மரபணு வேறுபாடு மெனிங்கோகாக்கஸைவிடக் குறைவு. ஒரு சிறு கூட்டத்திலிருந்து அது பெருகியிருப்பதற்கு இது இசைவானது. அக்கூட்டத்தில் ஏற்கெனவே பழுதடைந்திருந்த மரபணு எல்லா வழித்தோன்றல்களுக்கும் கடத்தப்பட்டிருக்கலாம். நோய் எதிர்ப்பின் அழுத்தமும் ஒரு காரணமாகலாம்: போர்-ஏவின் முதலாம், நான்காம் வளையங்கள் எதிர்ப்பொருள்களை மிகுதியாக ஈர்க்கின்றன. ஆனால் போர்-பியும் எதிர்ப்பொருள்களை ஈர்ப்பதால் இக்காரணம் வலுவற்றது. இழப்பு நிகழ்ந்த காலமும் தீராத வினாவே. மறுசேர்க்கை மிகுந்த இவ்வினங்களில் பிறழ்வுகளை எண்ணிக் காலம் கணிப்பது நம்பத்தக்கதன்று.

இவ்வொப்பீட்டுக்கு நடைமுறைப் பயன் உண்டு. நியூசிலாந்தில் 2004 முதல் வழங்கப்பட்ட மெனிங்கோகாக்கஸ் பி தடுப்பூசியில் முதன்மை எதிர்ப்பொருள் இலக்கு போர்-ஏ. அதைப் பெற்றவர்களிடம் வெட்டை நோய்க்கு எதிராக ஏறத்தாழ 31% பாதுகாப்பு காணப்பட்டதாக 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கோனோகாக்கஸில் போர்-ஏ புரதம் உருவாவதில்லை என்பதால், அப்பாதுகாப்பின் மூலத்தை இரு இனங்களும் பகிரும் பிற புறச்சவ்வுக் கூறுகளிலேயே தேட வேண்டும்.