கிணறு வெட்டக் கிளம்பிய வெண்மண்

1836ஆம் ஆண்டளவில், வட ஜேர்மனியின் லூனபேர்க் புதர்வெளியில் பீற்றர் கஸ்டன் என்ற வண்டிக்காரர் ஒரு கிணறு தோண்டிக்கொண்டிருந்தார். சற்று ஆழம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. வெளுத்து, மென்மையாய், கையில் அள்ளினால் பாரமே தெரியாத ஒரு மண் அடுக்கடுக்காய் வந்துகொண்டே இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். கஸ்டனின் குழியிலிருந்து புறப்பட்டது பூதமா புதையலா என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல நுணுக்குக்காட்டி தேவைப்பட்டது.

பேர்லினில் இருந்த கிறிஸ்டியன் எஹ்ரன்பேர்க் அந்தக் காலத்தில் இத்தகைய வெண்மண் வகைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்தவை மண்துகள்கள் அல்ல, ஓடுகள். தயற்றம் எனப்படும் ஒருகல உயிர்கள் நீரிலுள்ள சிலிக்காவைக் கொண்டு தமக்கென்று கட்டிக்கொள்ளும் கண்ணாடிக் கூடுகள். பழங்கால ஏரி ஒன்றில் வாழ்ந்து மடிந்த அவை அடியில் படிந்து மண்ணாகியிருந்தன. இந்த உயிர்கள் ஜேர்மனிக்கு மட்டும் சொந்தமானவையும் அல்ல. பாலமீன்மடு முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் மட்டக்களப்பு வாவியின் உவர்நீரிலும் அவற்றின் சுற்றத்தார் இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். வாவியின் மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் இரை தரும் சங்கிலி அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓடு முழுக்க நுண்துளை, துளை முழுக்க வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் எதை நிரப்புவது என்று முதலில் கண்டவர், தம்பியைப் பறிகொடுத்த ஒருவர்.

1864இல் ஸ்டொக்ஹோம் அருகே நடந்த நைத்திரோகிளிசரின் வெடிப்பில் அல்பிரட் நோபெலின் தம்பி எமில் இறந்தார். சிறிது அதிர்ந்தாலே வெடித்துவிடும் அந்தத் திரவத்தை அடக்கிவைக்க வழி தேடிய நோபெல், ஹம்பேர்க்குக்கு அண்மையில் தாம் நிறுவிய தொழிற்சாலையில் இந்த வெண்மண்ணைப் பரீட்சித்தார். மண் திரவத்தை உறிஞ்சி, கையாளக்கூடிய பசையாக மாறியது. 1867இல் டைனமைட்டு பிறந்தது. பெட்டியிலிருந்து கசிந்த திரவம் தற்செயலாக மண்ணில் ஊறியதுதான் கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று ஒரு கதை பரவ, நோபெல் அதை மறுத்தார். எப்படியோ, வெண்மண்ணுக்கு விலை வந்தது, சுரங்கங்கள் பெருகின. ஆனால் அதன் நெடுநாள் வாழ்வு வெடிமருந்தில் இருக்கவில்லை.

அதே காலத்தில் ஐரோப்பாவின் பியர் தொழிலுக்கு வேறொரு தலைவலி. 1842இல் பில்சன் நகரில் ஜோசப் குரோல் வடித்த பொன்னிற பியர் எங்கும் பரவியது. மட்குவளையும் உலோகக்குவளையும் போய்க் கண்ணாடிக் குவளை வந்ததும், அதுவரை ஒளிந்திருந்த கலங்கல் எல்லோர் கண்ணிலும் பட்டது. 1878இல் வோர்ம்ஸ் நகரில் லோரன்ஸ் என்ஸிங்கர் பியருக்கென்றே ஒரு வடிகட்டியை உருவாக்கினார். முதலில் காகிதம், பின்னர் அழுத்திய பஞ்சுக்கூழ். பியர் பளிங்காக ஓடியது. மதுவடிசாலைகள் கொண்டாடின. அந்தக் கொண்டாட்டம் பஞ்சைக் கழுவும் நாள் வரும்வரைதான்.

பியரிலிருந்து விலகிய மதுவமும் புரதமும் பற்றீரியாவும் எங்கும் போய்விடவில்லை. எல்லாம் பஞ்சுக்குள்ளேயே தங்கின. ஒவ்வொரு முறையும் அதைப் பிரித்து, வெந்நீரில் அலசி, மறுபடி அழுத்தித் தட்டாக்க வேண்டியிருந்தது. அரைகுறையாய் அலசிய பஞ்சு, நல்ல பியரையும் புளிக்கச் செய்தது. மட்டக்களப்பின் தென்னந்தோப்புக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. பழைய கள்ளின் மண்டி ஒட்டிய முட்டியில் புதுப்பாளை நீர் விழுந்தால் அது விரைந்து புளிக்கும். இனிப்பு மாறாத நீர் வேண்டுமென்றால் முட்டியைக் கழுவி உட்புறம் சுண்ணாம்பு பூச வேண்டும். மரமேறியின் கைக்குப் பழகிய இந்தப் பாடத்தை ஐரோப்பிய மதுவடிசாலைகள் பியரைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டன. ஏன் கெடுகிறது என்பதை 1876இல் லூயி பாஸ்டர் பியரைப் பற்றிய தம் நூலில் எழுதிவைத்திருந்தார். அவருடைய ஆய்வுகூடத்திலிருந்தே அடுத்த திருப்பமும் வந்தது.

1884இல் பாஸ்டரின் உதவியாளர் சார்ல்ஸ் சாம்பர்லாந்து, மெருகிடாத பீங்கானில் ஒரு குழல் செய்து அதன் சுவரினூடாக நீரைக் கசியவிட்டார். பற்றீரியா வெளியே நின்றது. 1891இல் ஜேர்மனியின் செல் நகரத்து வில்ஹெல்ம் பேர்க்கபெல்ட், கஸ்டனின் புதர்வெளியில் கிடைத்த வெண்மண்ணைக் கொண்டே அப்படியொரு குழலைச் சுட்டெடுத்தார். பீங்கானைவிட அதில் நீர் விரைவாக இறங்கியது. புதுச்சரக்கு சந்தைக்கு வந்த மறுவருடமே ஹம்பேர்க்கில் மரணம் கதவைத் தட்டியது.

1892 ஆகஸ்டில் அந்த நகரை வாந்திபேதி சூழ்ந்தது. எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டிருந்த நகரில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டிக்கிடந்த அல்டோனா அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்னும் அழுக்கான நீரை எடுத்தும் பெரும்பாலும் தப்பியது. அங்கே மணல்வடிகட்டி இருந்தது. வடிகட்டுவதா வேண்டாமா என்ற வாதத்துக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. பேர்க்கபெல்ட்டின் குழல்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. நுழைந்த சில நாள்களிலேயே அவற்றின் குறையும் தெரிந்தது.

குழல் பற்றீரியாவைத் தடுத்தது, கொல்லவில்லை. தடுக்கப்பட்டவை மேற்பரப்பில் வழுவழுப்பான படலமாகப் பெருகின. துளைகளுக்குள் வளர்ந்து வளர்ந்து, சில நாள்களில் மறுபுறம் எட்டிப்பார்த்தன. நீரைச் சுத்தமாக்க வைத்த பொருளே நீரைக் கெடுத்தது. அதனால் வடிகட்டியுடன் ஒரு சடங்கும் கூடவே பிறந்தது. மேற்பூச்சைத் தூரிகையால் தேய்ப்பது, குளிர்நீரில் இட்டு மெல்லச் சூடேற்றிக் கொதிக்கவைப்பது, வெடிப்பு இருக்கிறதா என்று உள்ளே காற்றை ஊதி நீரில் அமிழ்த்திப் பார்ப்பது. குமிழி ஒரே இடத்திலிருந்து சரம்சரமாக வந்தால் குழல் குப்பைக்கு. அந்தக் குமிழிச் சோதனையின் வாரிசு இன்றைய பியர் ஆலைகளில் நுண்சவ்வு வடிகட்டிகளைப் பரிசோதிக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் வெப்பநாடுகளில் அமீபா வயிற்றுளைவால் அவதிப்பட, அதன் கூடுகளைப் பிடிக்க வெண்மண் தூள் வடிகட்டிகள் களத்துக்குப் போயின. போர் முடிந்தபின் பியர் ஆலைகள் பஞ்சுக்கூழைக் கைவிட்டு இந்தத் தூளுக்கு மாறின. எஃகுக் குழல்கள்மேல் தூளைப் படியவைத்துப் பியரை அதனூடாக அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் நீரை எதிர்த்திசையில் பாய்ச்ச, அழுக்குத் தூள் உதிர்ந்தது. அலசும் வேலை அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தவர்களுக்கு எரிசோடா ஒரு பாடம் வைத்திருந்தது.

ஒட்டிய புரதத்தையும் மதுவத்தையும் சூடான எரிசோடா கரைத்துவிடும். ஆனால் பியர் இருந்த கலத்தில் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும். எரிசோடா அந்த வாயுவை விழுங்கினால் கலத்துக்குள் வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் பெரிய எஃகுத்தாங்கியும் நசுங்கி உட்குழியும். அதனால்தான் முதலில் வாயுவை வெளியேற்றிக் காற்றோட்டம் விட்டு, பிறகே காரம் ஏற்றும் வழக்கம் வந்தது. காரம் கரைக்காத கல்சியம் ஒட்சலேற்றுப் படிவைப் போக்க அமிலம், இடையிடையே நன்னீர், கடைசியில் வெந்நீர் அல்லது பெரசெற்றிக் அமிலம். குளோரீன் மலிவானது, ஆனால் தேங்கி நின்றால் துருவேறா எஃகிலும் ஊசித்துளை விழும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு அந்தத் துளை பரிச்சயம். நுண்சவ்வு வடிகட்டியை ஓய்வில் வைக்கும்போது காயவும் விடக்கூடாது, வெறும் நீரில் ஊறவும் விடக்கூடாது. காப்புத் திரவத்தில் கிடக்க வேண்டும். ஆலைக்குள் இந்த ஒழுங்கு நிலைத்துவிட்டது. ஆலைக்கு வெளியே வெண்மண்ணுக்கு இன்னொரு சோதனை இருந்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையாய் எழுந்த கடல் மட்டக்களப்பின் கல்லடியையும் நாவலடியையும் கடந்து வாவிக்குள் பாய்ந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளும் அந்த மணற்பட்டியில் கிணற்றுநீர் என்பது உவர்நீரின்மேல் மெல்லிதாய் மிதக்கும் மழைநீர்தான். கடல்நீர் கிணறுகளை நிரப்பியது. உடனே கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் வேலை நல்லெண்ணத்தோடு நாலாபக்கமும் நடந்தது. ஆனால் இயந்திரத்தால் அளவுமீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலேறி வந்தது. உப்பைக் கழுவியது பெரும்பாலும் அடுத்தடுத்த மழைதான். அதுவரை பவுசர் தண்ணீர், குளோரீன், நிவாரணப் பொருள்களோடு வந்த வீட்டு வடிகட்டிகள்.

கொதித்தாறிய நீரே தஞ்சமான சமையலறைகளில் துருவேறா எஃகு வடிகட்டியும் இன்று சாதாரணப் பொருள். அதன் மேற்பாத்திரத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் வெள்ளைக் குழல்தான் பேர்க்கபெல்ட் சுட்ட குழலின் வழித்தோன்றல். அது உப்பைப் பிடிக்காது, பற்றீரியாவைப் பிடிக்கும். பிடித்ததை வைத்திருக்கவும் செய்யும். பியர் ஆலைகள் பலவும் தூளின் சிலிக்கா நுரையீரலைத் தாக்குவதாலும் கழிவுச் சேற்றின் பாரத்தாலும் நுண்சவ்வுகளுக்கு மாறிவருகின்றன. வீட்டுக் குழல் மட்டும் பழைய சடங்கையே கேட்கிறது. தேய்க்கத் தேய்க்க அது மெலியும், மெலிந்தபின் மாற்ற வேண்டும். பயணம் போகும் வீடுகளில் அதைக் கழற்றித் தேய்த்து, கொதிக்கவைத்து, உள்ளும் புறமும் நன்றாக உலர்ந்தபின் எடுத்துவைக்கிறார்கள்.