ஏழு வருடம் கிடங்கில் கிடக்கும் சரக்கு

முதலிலேயே ஒரு டிஸ்கி: இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. அடியேன் ஃபில்டர் காபியைத் தாண்டாத ஆசாமி. பி.காம். முடித்து இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டியவனுக்குச் "சரக்கு" என்றால் முதலில் ஞாபகம் வருவது ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான் :-) இந்த மராட்டிய மண்ணுக்கு மாற்றலாகி வந்தபின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துப் பார்த்து, ஒயின் வியாபாரத்தின் சரித்திரத்தைப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அப்படிப் படித்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, லெபனானில் ஹோஷார் என்ற ஒரு குடும்பம் நடத்தும் ஷாத்தோ மூசார்.

1920-ல் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய எல்லைகளோடு லெபனானை உருவாக்கினார்கள். பத்து வருடம் கழித்து, 1930-ல், காஸ்தோன் ஹோஷார் என்ற இளைஞர் இந்தத் தொழிலைத் தொடங்கினார். பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீர் என்ற ஊரில், 18-ம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் நிலவறைதான் அவருடைய கிடங்கு. திராட்சை விளைந்ததோ மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெக்கா பள்ளத்தாக்கில். தோட்டம் ஒரு பக்கம், ஆலை மறுபக்கம், நடுவில் மலை. ஒவ்வொரு அறுவடையும் லாரியில் ஏறி மலையைக் கடந்தாக வேண்டும். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையாகும். பெக்காவில் அப்படி இல்லை. குளிர்காலத்தில் பனி விழும் பூமி, வருடத்துக்கு ஒரே அறுவடை. அதை விட்டால் அந்த வருடமே போச்சு.

காஸ்தோனின் மூத்த மகன் செர்ஜ், பிரான்ஸில் போர்தோ நகரத்தில் ஒயின் தொழில்நுட்பம் படித்தவர். 1959-ல் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். 1962-ல் தம்பி ரொனால்ட் கணக்கையும் விற்பனையையும் எடுத்துக்கொண்டார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், அண்ணன் அடுப்படி, தம்பி கல்லாப்பெட்டி.

செர்ஜ் வகுத்த முறை எங்களைப் போன்ற கடன் அதிகாரிகளுக்குத் தலைவலி தரக்கூடியது. கபர்னே சோவின்யோன், சின்சோ, கரின்யான் என்று மூன்று வகைத் திராட்சை. தனித்தனியாக சிமெண்ட் தொட்டியில் நொதிக்கவைத்து, பிறகு ஒரு வருடம் ஓக் மரப் பீப்பாயில். அதன்பின் மூன்றையும் கலந்து, மூன்றாம் வருட முடிவில் பாட்டிலில் அடைத்து, மேலும் நாலு வருடம் இருட்டறையில் படுக்கப் போடுவார்கள். ஏழாம் வருடம்தான் கடைக்கு வரும். அதாவது எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் ஆறேழு அறுவடைகளின் பணம் முழுவதும் நிலவறையில் முடங்கிக் கிடக்கும். ஒரு வியாபாரியின் சரக்கு ஆறு மாதம் நகராமல் இருந்தாலே நாங்கள் முகம் சுளிப்போம். 90 நாள் வட்டி வராவிட்டால் வாராக் கடன் என்று எழுதிவிடுவோம். ஏழு வருடம் என்று ஒருவர் வந்து நின்றால்?

1975-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியது, 1990 வரை ஓயவில்லை. 1976-ல் ஒயினே தயாரிக்க முடியவில்லை. 1984-ல் சண்டையால் மலைப்பாதை அடைபட்டது. சுற்றி வளைத்துக்கொண்டு பல நாள் கழித்து லாரிகள் வந்து சேர்ந்தபோது, திராட்சை வண்டியிலேயே நொதிக்க ஆரம்பித்திருந்தது. அந்த வருடத்து ஒயின் வழக்கம்போல விற்பனைக்கு வரவில்லை. பதினைந்து வருடப் போரில் கைவிட்டுப் போனவை இந்த இரண்டு அறுவடைகள்தான். மற்ற எல்லா வருடமும் சோதனைச் சாவடிகளையும் துப்பாக்கிகளையும் தாண்டி லாரிகள் மலையேறி இறங்கின.

சரி, விளைச்சல் வந்தது, வாங்க ஆள்? போருக்கு முன் பெரும்பாலும் உள்ளூரில்தான் விற்பனை. போர் வந்ததும் அந்தச் சந்தை காலி, வசதியுள்ளவர்கள் பலர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். 1979-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஒயின் சந்தையில் செர்ஜ் தன் பாட்டில்களை வைத்தார். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் ஒயின் நிபுணர் மைக்கேல் பிராட்பென்ட் 1967-ம் வருடத்து ஒயினைச் சுவைத்துவிட்டு, சந்தையின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்றார். இங்கிலாந்துக் கதவு திறந்தது. அறுவடை நாசமான அதே 1984-ல், லண்டனின் டிகாண்டர் பத்திரிகை தன் முதல் "ஆண்டின் மனிதர்" விருதை செர்ஜுக்குக் கொடுத்தது.

பிரிஸ்டலில் ஜெயித்தது பன்னிரண்டு வருடப் பழைய சரக்கு என்பதை கவனியுங்கள். போருக்கு முன்பே விளைந்து பாட்டிலில் ஏறியது. ஏழு வருடக் கணக்குப்படி பார்த்தால், 1976-ல் விழுந்த ஓட்டை விற்பனையில் தெரிவது 1983-ல்தான். எந்தத் தேக்கத்தைப் பார்த்து நாங்கள் கடன் மறுப்போமோ, அந்தத் தேக்கம்தான் குடும்பத்துக்குக் கைகொடுத்தது.

இதன் மறுபக்கத்தை வங்கிக்காரனாக எழுதவே கூச்சமாக இருக்கிறது. போர் தொடங்கியபோது ஒரு டாலருக்கு இரண்டு மூன்று லெபனான் பவுண்டு. போர் முடிந்து இரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் போய்விட்டது. 1997-ல் 1507.5 என்று கட்டி நிறுத்தினார்கள். நல்ல வட்டி கிடைக்கிறதே என்று வெளிநாட்டில் உழைத்த லெபனான்காரர்கள் ஊர் வங்கிகளில் டாலரைக் கொட்டினார்கள். 2019-ல் எல்லாம் சரிந்தது. தன் பணத்தைத் தானே எடுக்க முடியாமல் ஜனங்கள் வங்கி வாசலில் நின்றார்கள். 2020 மார்ச்சில் அரசாங்கமே கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தது. வெளியூரில் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த வலி புரியும். வைப்புநிதி காகிதமாகப் போன நாட்டில், நிலவறையில் இருந்த பாட்டிலுக்கு வெளிநாட்டுப் பணம் கொடுத்து வாங்க ஆள் இருந்தது.

செர்ஜ் 2014 டிசம்பர் 31 அன்று காலமானார். தொழிலை அடுத்த தலைமுறை நடத்துகிறது. 2024 செப்டம்பரில், அறுவடைக் காலத்தில், பெக்காவில் மறுபடியும் குண்டு விழுந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் சேமிப்பைத் தூக்கி ஒயினில் போட வேண்டாம். பிரிஸ்டலில் அன்றைக்கு அந்தப் பாட்டிலை யாரும் திறந்து பார்க்காமல் போயிருந்தால் கதையே வேறு. கூட்டுக் குடும்பத்தின் பொறுமையும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்து அமைந்தது இது. ஆனால் நகராத சரக்கோடு ஒரு மனு மேஜைக்கு வந்தால், சிவப்பு மையில் எழுதுவதற்கு முன் நான் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: உள்ளே இருப்பது அழுகுகிறதா, பழுக்கிறதா? பதிலைத் தெரிந்துகொள்ள, ஃபைலை மூடிவிட்டுக் கிடங்குக்கு நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.