பழைய ஜூக்பாக்ஸைப் பழுதுபார்த்தல்

காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால், கேட்ட இசைத்தட்டைத் தானே எடுத்துச் சுழலவிட்டு, பாட்டு முடிந்ததும் பழைய இடத்திலேயே திரும்ப வைத்துவிடும் பெட்டி ஜூக்பாக்ஸ். அமெரிக்க மதுக்கடைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் அது கொடிகட்டிப் பறந்த காலம் 1940களும் 50களும். ஊர்லிட்சர் நிறுவனம் 1946இல் வெளியிட்ட புகழ்பெற்ற 1015 பெட்டியில் 24 பாட்டுகளே இருந்தன. சிகாகோவின் சீபர்க் நிறுவனம் 1948இல் கொண்டுவந்த எம்100ஏ, 50 தட்டுகளின் இரு பக்கங்களையும் வாசித்து 100 பாட்டுகள் தந்தது. 1950இல் வந்த எம்100பி அதே அமைப்பை நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் தட்டுக்கு மாற்றிக்கொண்டது. இந்தச் சீபர்க் வகைப் பெட்டிகள் பழுதாகும்போது உடைந்த பாகத்தைத் தேடுவதே பலரின் முதல் வேலை. ஆனால் பெரும்பாலும் அங்கே எதுவும் உடைந்திருப்பதில்லை. இறுகிப்போன கிரீஸும் கறுத்துப்போன காண்டாக்ட்டுகளுமே பெட்டியை நிறுத்திவைத்திருக்கும். எனவே மாற்றுவதற்கு முன் சுத்தம் செய்வதும், சுத்தம் செய்வதற்கு முன் எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்று பார்ப்பதுமே சரியான வரிசை.

இதற்கான காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தட்டுகள் ஒரு நீண்ட அடுக்கில் செங்குத்தாக நிற்கின்றன. அதன் ஓரமாகத் தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடுகிறது. பொத்தானை அழுத்தியதும் அந்தப் பாட்டுக்குரிய தேர்வு பதிவாகிறது. எம்100 வகைகளில் அது ஒரு சிறு முளை நகர்வது, 1955இல் வந்த டார்மேட் அமைப்பில் ஒரு ஃபெர்ரைட் வளையம் காந்தமேறுவது. வண்டி அந்த இடத்தை அடையும்போது ஒரு நெம்பு விழுந்து ஓட்டத்தை நிறுத்துகிறது. பிறகு ஒரு கை தட்டைத் தூக்கிப் பிடிப்பில் வைக்க, ஊசி வந்து படிகிறது. இவ்வளவும் ஒன்றையொன்று தூண்டிவிடும் வேலைகள். ஆகவே கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்றாகவும், அது பிறந்த இடம் வேறாகவும் இருக்கும். வண்டி நிற்காமல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருந்தால், தேர்வுச் சுற்றுதான் போய்விட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த நெம்பைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டு தூக்கப்பட்டுப் பாடி, திரும்பியும் போய்விட்டால் இயந்திரப் பகுதி நலம். குறை தேர்வுப் பகுதியிலோ நெம்பை இழுக்கும் சாலினாய்டிலோ இருக்கிறது. கையால் தட்டியும் நெம்பு மந்தமாக அசைந்தால், அங்கே கிரீஸ் மெழுகாகிவிட்டது என்று பொருள். குளிர்ந்திருக்கும்போது முரண்டு பிடித்து, அரை மணி நேரம் ஓடிச் சூடேறியபின் ஒழுங்காக நடக்கும் பெட்டியும் பெரும்பாலும் இதையே சொல்கிறது. சத்தமே வராத பெட்டியிலும் கதை இதுதான். தட்டு மாறும்போது கரகரப்பு கேட்காமலிருக்க ஒலியை அடக்கிவைக்கும் ஒரு காண்டாக்ட் உண்டு. அது அழுக்கேறி மாட்டிக்கொண்டால், குற்றமற்ற ஆம்ப்ளிஃபயரைத்தான் எல்லோரும் கழற்றுவார்கள்.

எழுபது ஆண்டு வயதான மின்பொருளைச் சுத்தம் செய்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்பகு கண்டென்சர்கள் விதிவிலக்குத்தான். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அவை உள்ளே உலர்ந்துவிடும். அவற்றை மாற்றியே ஆகவேண்டும். செலினியம் ரெக்டிஃபயரையும் நம்பக்கூடாது. அது கருகினால் வரும் புகை நச்சுத்தன்மை கொண்டது. இந்த இரண்டுக்காகவே, வாங்கிவந்த பெட்டியை நேராகப் பிளக்கில் செருகிப் பார்ப்பது தவறு. முதலில் ஒயர்களின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு சீரீஸ் பல்பு வழியாகவே மின்சாரம் கொடுக்க வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதை வடித்துவிட்டே கை வைக்க வேண்டும். ஆனால் இந்த விதிவிலக்கைக் காட்டி வால்வுகள், காயில்கள், ரிலேக்கள் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுகிறவர், எது குறை என்று அறியாமலே வேலையை முடிக்கிறார். புதிதாகப் போட்ட பாகம் ஒன்று சரியில்லையென்றால், ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடும்.

உள்ளிருப்பதை எடுத்துவிட்டு நவீன மின்னணுப் பலகை வைத்தால் தொல்லை தீருமே என்பது இன்னொரு வாதம். தீராது. இறுகிய நெம்பை எந்தப் பலகையும் அசைக்காது. தட்டைத் தூக்குவது அப்போதும் அதே கைதான். சந்து பொந்தெல்லாம் தெளிப்பு எண்ணெய் அடிப்பதும் அப்படியே. இரண்டு நாள் ஓடும். பிறகு தூசியோடு சேர்ந்து முன்னைவிடக் கெட்டியாகும். பாகங்களைக் கழற்றிக் கரைப்பானில் கழுவி, அச்சுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயும் பற்சக்கரத்துக்குக் கிரீஸும் இடுவதற்குக் குறுக்குவழி கிடையாது. காண்டாக்ட்டை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, மேற்பூச்சு போய்விடும். ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டித் தாளை இடையில் வைத்து இழுத்தால் கறுப்பு தாளோடு வந்துவிடும்.

அமெரிக்காவுக்கு வெளியே, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் ஓடும் பெட்டிகளில் ஒரு சிக்கல் தனியே வரும். வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை 60 ஹெர்ட்ஸாக மாற்றாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 45 சுற்றுத் தட்டு 37.5 சுற்றில் ஓடி, 5 கட்டையில் பதிவான பாட்டு 3 கட்டைக்கு இறங்கிவிடும். இங்கும் ஆம்ப்ளிஃபயர்மீது குற்றமில்லை. 50 ஹெர்ட்ஸுக்கு உரிய கப்பியையோ மோட்டாரையோ பொருத்தினால் சுருதி சரியாகிவிடும்.